வெள்ளை அணுக்கள் போகும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கவுன்ட் ஏறியிருக்கு", "கவுன்ட் இறங்கியிருக்கு" என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம். வெள்ளை அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்பதைவிட, அவை எங்கே இருக்கின்றன, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதே பெரும்பாலும் முக்கியம். காயம் ஆறுவது, நெறி கட்டுவது, காசநோய்ப் பரிசோதனை, புற்றுநோய் மருந்து எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வீடுகளிலும் ஆஸ்பத்திரி வரிசைகளிலும் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

காசிமேட்டில் வாங்கிய மீனைச் சுத்தம் பண்ணும்போது விரலில் முள் குத்தியது. மறுநாள் அக்குளில் நெறி கட்டிவிட்டது. குத்தியது விரலில், வீங்கியது அக்குளில். ஏன்?

முள்ளோடு சேர்ந்து கிருமிகளும் தோலுக்குள் போகின்றன. தோலிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் அவற்றை அடையாளம் கண்டு ரசாயனச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அதனால் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. விரல் சிவந்து சூடாவது அதனால்தான். சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து கிருமிகளை விழுங்கி அங்கேயே சாகின்றன. நாம் சீழ் என்று சொல்வதில் பெரும்பங்கு இறந்த நியூட்ரோஃபில்கள்தான்.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை, கிருமி யார் என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பது. டென்ட்ரிடிக் செல் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் குழாய்க்குள் இறங்கி அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்கு வருகிறது. போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். செய்தி வந்ததும் முடிச்சு தன் வெளிவாசலைச் சில நாட்களுக்கு அடைத்துவிடுகிறது. உள்ளே வரும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் வந்துகொண்டே இருக்கும், வெளியே போகிறவை நின்றுவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியதும் இந்தப் பக்கம் வண்டிகள் சேர்வதுபோல முடிச்சு வீங்குகிறது. ஆகவே நெறி கட்டுவதே ஒரு நோய் அல்ல, வேலை தொடங்கியதற்கான அடையாளம்.

வெள்ளை அணுக்கள் காயத்தைத் தேடி நகர்ந்து போகின்றன என்று கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு முள்ளால்தான். 1882-ல் இத்தாலியின் மெசினாவில் எலி மெச்னிகாஃப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908-ல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

முள் குத்தினால் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உள்ளே முள் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை வீக்கம் அடங்காது. டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆனது என்று பாருங்கள். காயத்திலிருந்து கை மேலே சிவப்புக் கோடு ஏறினாலோ, காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நிணநீர்க் குழாய் வழியாகக் கிருமி பரவுகிறது என்று அதற்குப் பொருள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை அதிகமாக இருக்கும் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் திசை பிடித்து நகர்வதும் விழுங்குவதும் மந்தமாகின்றன.

இன்னொன்றும் உண்டு. வாரக்கணக்கில் ஆறாத சின்னக் கட்டி விரலில் இருந்தால், "நான் மீன் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமி மீனிலும் தண்ணீரிலும் உண்டு. வழக்கமான ஆன்டிபயாட்டிக் அதற்குக் கேட்காது. தொழிலைச் சொன்னால்தான் அந்தச் சந்தேகமே டாக்டருக்கு வரும்.

இந்த அணுக்கள் எங்கே உற்பத்தியாகின்றன?

எலும்பு மஜ்ஜையில். ஆரோக்கியமான பெரியவரின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவை ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்கள் மட்டும் மஜ்ஜையில் பிறந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பயிற்சி பெற்று வெளியே வருகின்றன. சில டி செல்கள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மஜ்ஜைக்குள் அணுக்களைப் பிடித்து வைத்திருப்பது சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற கீமோகைன். கீமோகைன் என்றால் செல்களை வரவழைக்கும், நிறுத்தி வைக்கும் வேதிப்பொருள். வெள்ளை அணுவில் அதற்கான பிடி சி.எக்ஸ்.சி.ஆர்.4. ஸ்டெம் செல் தானம் கொடுப்பவருக்கு ஜி-சி.எஸ்.எஃப். ஊசி போடும்போது இந்தப் பிடி தளர்ந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் வருகின்றன. அது போதாவிட்டால், பிடியையே நேரடியாகத் தடுக்கும் பிளெரிக்ஸாஃபர் கொடுப்பார்கள். ஊசிக்குப் பிறகு தானம் கொடுப்பவருக்கு எலும்பு வலிப்பது சகஜம்.

ஓடும் ரத்தத்திலிருந்து அணு எப்படிச் சரியான இடத்தில் இறங்குகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். உடல் முழுதும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது. காயம் மட்டும் ஓர் இடத்தில் இருக்கிறது. அதே இடத்தில் அணு இறங்குவதற்குக் காரணம், ரத்தக் குழாயின் உட்சுவர் அங்கே மாறியிருப்பது.

வீக்கம் உள்ள இடத்தில் உட்சுவர் செல்கள் செலக்டின் என்ற புரதங்களை வெளியே நீட்டுகின்றன. இவற்றின் பிடி பலவீனமானது, பிடிக்கும், விடும். அதனால் வேகமாகப் போய்க்கொண்டிருந்த அணு சுவரோடு ஒட்டி உருள ஆரம்பிக்கிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கம்பியைப் பிடித்தபடியே சில அடிகள் கூட ஓடுவதுபோல. உருளும்போதே சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன்களை அணு தொட்டு உணர்கிறது. அந்தச் சமிக்ஞை கிடைத்த நொடியில் அணுவின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐ-கேம்-1 என்ற புரதத்தை இறுகப் பற்றுகின்றன. அணு நின்றுவிடுகிறது. பிறகு தட்டையாகி, சுவர் மேல் ஊர்ந்து, இரண்டு சுவர் செல்களுக்கு நடுவே உள்ள இடுக்கைக் கண்டுபிடித்து நுழைகிறது. நுழையும்போது சிக்குவது செல்லிலேயே பெரியதும் விறைப்பானதுமான கருதான். நியூட்ரோஃபிலின் கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருப்பதால் குறுகலான இடத்திலும் அது சுலபமாக நெளிந்து போகிறது.

இந்தப் படிகள் வரிசையாக நடக்க வேண்டும், ஒன்று தவறினாலும் அணு இறங்காது. இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பிறவியிலேயே வரும் ஓர் அரிய குறைபாடு. இன்டெக்ரினின் ஒரு பகுதியான சி.டி.18 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் எதுவும் வெளியே இறங்காது. காயத்தில் சீழ் பிடிக்காது, ஆறவும் ஆறாது. தொப்புள் கொடி பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களில் விழுந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் தாண்டியும் விழாமல் இருக்கலாம், அல்லது தொப்புளில் தொற்று வரலாம். கொடி விழத் தாமதமானால் மட்டும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது ஒன்றுமில்லை. அதோடு கவுன்ட்டும் மிக அதிகமாக இருந்து, தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அணுக்களின் மேலுள்ள புரதங்களைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை மூலம் சி.டி.18 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். தீவிரமான வகைக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

அப்படியானால் என் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

அந்த எண், அந்த நேரத்தில் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த அணுக்களின் கணக்கு மட்டுமே. ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோஃபில்களிலேயே ஏறக்குறைய பாதி சுவரோடு ஒட்டி நிற்பதால் ஊசியில் வராது. லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் ஒரு நேரத்தில் ரத்தத்தில் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நிமிஷம் நின்று கண்டெய்னர் லாரிகளை எண்ணிவிட்டுத் துறைமுகத்துக்குள் எத்தனை இருக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா?

பெரியவர்களுக்கு வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இயல்பு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உடனே ரத்தம் கொடுத்தால் கூடலாம். பயம், வலி, வாந்தி, கர்ப்பம், புகைபிடித்தல் எல்லாம் கூட்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் கூட்டும். அது மஜ்ஜையிலிருந்து புதிய நியூட்ரோஃபில்களை விடுவிக்கிறது, சுவரில் ஒட்டியவற்றைக் கழற்றுகிறது, திசுவுக்குள் இறங்குவதையும் குறைக்கிறது. எனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு எண் 15,000 என்று வந்தால், அவர் நோயை நன்றாக எதிர்க்கிறார் என்று அர்த்தமில்லை. எண் கூடியதற்கு ஒரு காரணமே அணுக்கள் வேலைக்கு இறங்காமல் நிற்பதுதான். மருந்துக் கடையில் "உடம்பு வலிக்கு" என்று பெயர் தெரியாத மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

கீமோ எடுப்பவர்கள் மொத்த எண்ணைவிட நியூட்ரோஃபில் எண்ணைப் பார்க்க வேண்டும். மொத்தம் 1,800, நியூட்ரோஃபில் 25 சதவீதம் என்றால் 450. 500-க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த நிலையில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் நீடித்தால் ராத்திரி என்றாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஏன் இத்தனை அவசரம்? இறங்குவதற்கு நியூட்ரோஃபில் இல்லாதபோது சீழ், வீக்கம், சிவப்பு எதுவும் தெரியாது. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி.

நிணநீர் முடிச்சுக்குள் என்ன நடக்கிறது?

உடலில் சுமார் 600 முடிச்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணத் தெரியும். ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தெரிந்த டி செல்கள் லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். உடல் முழுக்க அலைந்து அது கிருமியைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கிருமித் துண்டுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிற ஏற்பாடு.

டி செல் ரத்தத்திலிருந்து முடிச்சுக்குள் இறங்குவது தடித்த சுவருள்ள ஒரு தனி வகைச் சிறுநாளத்தின் வழியாக. அங்கே சி.சி.எல்.21 என்ற கீமோகைன் எப்போதும் இருக்கும். அதைப் பிடிக்கும் சி.சி.ஆர்.7 இருக்கிற செல்லுக்கே நுழைவு. உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகத்தில், அதாவது தன் உடல் நீளம் அளவுக்கு நகர்ந்து, டென்ட்ரிடிக் செல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறது. ஏறக்குறைய ஒரு நாள் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் வெளியேறி, நிணநீர் வழியாக மறுபடி ரத்தத்துக்கு வந்து, அடுத்த முடிச்சுக்குப் போகிறது. இந்தச் சுற்றை எலிகளில் நிரூபித்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜேம்ஸ் கோவன்ஸ். 1950-களின் கடைசிவரை லிம்போசைட்டின் வேலை என்னவென்றே தெரியாமல் இருந்தது.

வெளியேறும் வாசலுக்குச் சாவி எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு. ரத்தத்திலும் நிணநீரிலும் அது அதிகம், முடிச்சுக்குள் குறைவு. அது அதிகம் உள்ள பக்கம் நோக்கிச் செல் நகரும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி பெற்ற ஃபிங்கோலிமாட் இந்தச் சாவியை முடக்குகிறது. டி செல்கள் முடிச்சிலேயே சிக்கிக்கொள்வதால் மூளைக்குப் போய் நரம்பைத் தாக்க முடியாது. எஸ்1பி-யை உணரும் அதே பிடி இதயத்திலும் இருப்பதால், முதல் மாத்திரை கொடுத்த பிறகு குறைந்தது 6 மணி நேரம் நாடித் துடிப்பைக் கவனிப்பார்கள்.

கண்டுபிடித்த டி செல் பல மடங்கு பெருகிக் கிளம்பும்போது எங்கே போக வேண்டும் என்ற முகவரியோடு கிளம்புகிறது. குடலைச் சேர்ந்த முடிச்சில், வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் குடலுக்கான பிடியைக் கொடுக்கிறது. தோலைச் சேர்ந்த முடிச்சில் தோலுக்கான பிடி. குடல் முகவரியை மட்டும் மறைக்கும் மருந்து வெடோலிசுமாப், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

காசநோய்க்குக் கையில் ஊசி போட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறார்கள். உடனே பார்க்கக் கூடாதா?

கூடாது. மான்டூ பரிசோதனை என்பதே டி செல்கள் ஓர் இடத்துக்கு வந்து சேருவதைப் பார்ப்பதுதான். முன்பு காசநோய்க் கிருமியைச் சந்தித்த நினைவு டி செல்கள் உடலில் இருந்தால், ஊசி போட்ட இடத்துக்கு வந்து மேக்ரோஃபேஜ்களையும் கூப்பிடும். அந்தக் கூட்டம் சேர 48 முதல் 72 மணி நேரம் ஆகும்.

முன்கையின் உட்பக்கம், தோலுக்குள்ளேயே 0.1 மில்லி போட வேண்டும். போட்டதும் 6 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் கொப்புளம்போல எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். பார்க்கும்போது சிவப்பை அளக்கக் கூடாது. தடவினால் கெட்டியாகத் தெரியும் பகுதியைக் கையின் குறுக்கே மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். சிவப்பு என்பது விரிந்த ரத்தக் குழாய், கெட்டி என்பதுதான் வந்து சேர்ந்த செல்கள். பொதுவாக 10 மில்லிமீட்டரும் மேலும் பாசிட்டிவ், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5.

பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, நினைவு இருக்கிறது என்றே அர்த்தம். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டதாலும் வரலாம். நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, எச்.ஐ.வி., ஏன், தீவிரமான காசநோயே கூட டி செல்களை வர விடாமல் செய்யலாம்.

கழுத்தில் நெறி கட்டி ஒரு மாதம் ஆகிறது. எப்போது பயப்பட வேண்டும்?

வலியோடு வந்து, தொண்டைப் புண்ணோ பல் சொத்தையோ சரியானதும் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கினால் கவலை இல்லை. காட்டிவிட வேண்டியவை: 1 சென்டிமீட்டருக்கு மேல், வலியில்லாமல், கல்போல் கெட்டியாக, நான்கு வாரம் தாண்டியும் நிற்பவை, எந்த அளவானாலும் காரை எலும்புக்கு மேலே வருபவை, ராத்திரி வியர்வை, எடை குறைவு, மாலைக் காய்ச்சலோடு வருபவை. ரப்பர்போல இருந்தால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் காசநோய் என்று தடவிப் பார்த்து டாக்டர் ஊகிப்பார். ஊகம் போதாது, ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையோ, முடிச்சை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சியோ வேண்டும். மாவா, குட்கா, ஹான்ஸ் போடுகிறவர்களுக்குத் தாடைக்குக் கீழே கெட்டியான முடிச்சு வந்தால் வாயை நன்றாகத் திறந்து, நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய் தொடங்கிய புண் அங்கே இருக்கலாம்.

முடிச்சை எடுக்கும் நாளில் கவனிக்க வேண்டிய ஒன்று: பயாப்சித் துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு காசநோய்க்குக் கல்ச்சர் பண்ண முடியாது. ஒரு துண்டை ஃபார்மலினிலும், இன்னொரு துண்டை நார்மல் சலைனிலும் அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். இந்தத் தவறால் இரண்டாவது ஆபரேஷன் வரை போக நேரிடும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகள் உண்டு, காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம்.

மணலி, எண்ணூர் பக்கம் புகையும் கரித்தூளும் அதிகம். அது இந்த அணுக்களைப் பாதிக்குமா?

பாதிக்கும். நுரையீரல் காற்றறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் தூசியை விழுங்குகின்றன. செரிக்க முடியாத கரித்துகள் அவற்றுக்குள்ளேயே தங்கி, நுரையீரலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேருகிறது. நகரவாசிகளின் அந்த முடிச்சுகள் வெட்டிப் பார்த்தால் கறுப்பாகவே இருக்கும். வயது ஏற ஏறக் கரி சேர்வதையும், கரி நிறைந்த மேக்ரோஃபேஜ்கள் விழுங்கும் திறனை இழப்பதையும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2022-ல் காட்டியது. புகை பிடிக்கிறவர் தானாகவே இந்தச் சுமையைக் கூட்டிக்கொள்கிறார். அதை நிறுத்துவது அவர் கையில் இருக்கிறது. ஊர்க் காற்றைச் சுத்தமாக்குவது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது. அதைக் கேட்கும் உரிமை இங்கே வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

டி செல்கள் இவ்வளவு திறமையானவை என்றால் புற்றுநோய்க் கட்டியை ஏன் அழிப்பதில்லை?

பல கட்டிகளை ஆரம்பத்திலேயே அழித்துவிடுகின்றன, நமக்குத் தெரிவதில்லை. தப்பி வளர்ந்த கட்டிதான் ஸ்கேனில் தெரிகிறது. அது தப்பிய வழிகளில் பெரியது, டி செல்லை உள்ளே விடாமல் இருப்பது.

மேலே சொன்ன இறங்கும் படிகளை நினைவில் வையுங்கள். கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக, கசிவோடு வளர்ந்தவை. அவற்றை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். என்ற பொருளே சுவரில் ஐ-கேம்-1 போன்ற பிடிகள் வெளிவராமல் அடக்குகிறது. பிடி இல்லையென்றால் டி செல் உருளாது, நிற்காது, ரத்தத்தோடு போய்விடும். கீமோகைன்களையும் கட்டி மாற்றிவிடுகிறது. டி செல்லைக் கூப்பிடும் வகைகள் குறைகின்றன. மற்ற டி செல்களை அடக்கிக் கட்டுப்படுத்தும் டி செல்களை அழைக்கும் சி.சி.எல்.22-ம், மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களை அழைக்கும் சி.சி.எல்.2-ம் கூடுகின்றன. வந்த மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ்களாகி, கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய் போட உதவுகின்றன. காயம் ஆற்றும் வேலையை அவை தவறான இடத்தில் செய்கின்றன.

இதையும் தாண்டி இறங்கிய டி செல்லுக்கு எதிரே கொலாஜன் நார்களின் சுவர். கணையப் புற்றுநோயில் இது மிகவும் தடிப்பு. நார் செல்கள் வெளியிடும் டி.ஜி.எஃப்.-பீட்டா, சி.எக்ஸ்.சி.எல்.12 இரண்டும் டி செல்களைக் கட்டியின் ஓரத்திலேயே நிறுத்திவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டியைச் சுற்றி டி செல்கள் வரிசையாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

டாக்டர்கள் "ஹாட்", "கோல்டு" என்று கட்டிகளைப் பிரிப்பது இதனால்தான். டி செல்கள் உள்ளே நிறைந்தது ஹாட், உள்ளே இல்லாதது கோல்டு. பெருங்குடல் புற்றுநோயில் எந்த வகை டி செல், எத்தனை, கட்டியின் எந்தப் பகுதியில் என்ற கணக்கு நோயின் போக்கை நன்றாகச் சொல்கிறது என்று 2006-ல் பாரிஸில் ஜெரோம் கலோனின் குழு காட்டியது.

இம்யூனோதெரபி ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை. ஏன்?

உள்ளே நுழைந்த டி செல்லின் மேல் பி.டி-1 என்ற பிரேக் இருக்கிறது. கட்டி பி.டி-எல்1 என்ற புரதத்தால் அதை அழுத்திப் பிடிக்கிறது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை விலக்குகின்றன. பிரேக்குகளைக் கண்டறிந்து சிகிச்சையாக்கியதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் டி செல்லே வந்து சேராத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? கோல்டு கட்டிகளில் இந்த மருந்து தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லட்சக்கணக்கில் செலவாகும் மருந்து என்பதால், தொடங்கும் முன் பி.டி-எல்1 பரிசோதனையும், கட்டியின் டி.என்.ஏ. பிழை திருத்தம் கெட்டிருக்கிறதா என்று காட்டும் எம்.எஸ்.ஐ. பரிசோதனையும் உங்கள் வகைப் புற்றுநோய்க்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

பிரேக் விலகிய டி செல்கள் நல்ல உறுப்புகளுக்கும் போகலாம். குடலுக்குப் போனால் வயிற்றுப்போக்கு, நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறல், தைராய்டுக்குப் போனால் சோர்வு. மருந்து தொடங்கி வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரலாம். "சாப்பாடு ஒத்துக்கலை" என்று நினைத்து வீட்டில் இருக்காமல், இம்யூனோதெரபி எடுப்பதைச் சொல்லிக் காட்டுங்கள்.

புற்றுநோய் பரவுவதும் இதே வழியிலா?

பெரும்பாலும். மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் சி.எக்ஸ்.சி.ஆர்.4, சி.சி.ஆர்.7 என்ற அதே பிடிகளை அணிந்துகொள்வது 2001-ல் வெளிவந்தது. சி.எக்ஸ்.சி.எல்.12 அதிகமுள்ள மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல், நிணநீர் முடிச்சு ஆகியவற்றுக்கே அது அதிகம் பரவுவதற்கு இது ஒரு விளக்கம்.

அக்குளில் முதலில் நிணநீர் வந்து சேரும் முடிச்சை நீலச் சாயமோ கதிரியக்கத் துகளோ செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது சென்டினல் பயாப்சி. அதில் புற்றுநோய் இல்லையென்றால் மற்ற முடிச்சுகளை விட்டுவிடலாம். எல்லா முடிச்சுகளையும் எடுத்தவருக்கு அந்தக் கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம், பாதுகாப்பும் குறையும். அந்தக் கையில் மீன் முள், கொசுக்கடி, கத்திக் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீன் வெட்டும்போது கையுறை போடுங்கள். சிவந்து சூடானால் அன்றே மருந்து தொடங்க வேண்டும். யானைக்காலில் நடப்பதும் இதுபோன்ற அடைப்புதான். அங்கே குழாயைக் கெடுப்பது கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் புழு. தினமும் சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைப்பதே, வீக்கத்தைக் கூட்டும் காய்ச்சல் தாக்குதல்களைக் குறைக்கிறது.

கார்-டி சிகிச்சை இந்தியாவில் கிடைக்கிறதா? கட்டிப் புற்றுநோய்க்கும் உதவுமா?

கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பாம்பே, டாடா மெமோரியல் இணைந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. பி செல் வகை ரத்தப் புற்றுநோய்களில், மற்ற சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்கானது. நோயாளியின் டி செல்களைச் சில மணி நேரத்தில் மெஷின் மூலம் பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் மரபணுவைச் சேர்த்து, லேப்பில் பெருக்கி, உடலில் இடம் ஏற்படுத்தச் சிறிய கீமோ கொடுத்து, திரும்பச் செலுத்துகிறார்கள். கடுங்காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள்.

ரத்தப் புற்றுநோயில் எதிரி இருப்பது ரத்தம், மஜ்ஜை, நிணநீர் முடிச்சு. டி செல் இயல்பாகவே போகும் இடங்கள் அவை. கணையம், கருப்பை, நுரையீரல் கட்டிகளில் வாசலே அடைபட்டிருக்கிறது. கட்டி வெளியிடும் கீமோகைனுக்குப் பொருந்தும் பிடியைச் சேர்த்தும், கட்டிக்குள் நேரடியாகச் செலுத்தியும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. இன்றைய நிலையில் கட்டிப் புற்றுநோய்க்கு உறுதியாகக் கார்-டி செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவரிடம், முறையாகப் பதிவான ஆய்வா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சேருபவரிடம் ஆய்வு மருந்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர் சாப்பிட்டால் இந்த அணுக்கள் நன்றாக நகருமா?

அப்படி நிரூபிக்கப்பட்ட பவுடர் எதுவும் இல்லை. கீமோ, இம்யூனோதெரபி எடுப்பவர்கள் கஷாயமோ பவுடரோ சேர்ப்பதென்றால் டாக்டரிடம் டப்பாவையே காட்டிவிட்டுச் சேருங்கள். சில கல்லீரலைக் கெடுக்கும், அதனால் கீமோ தேதி தள்ளிப்போகும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, போதுமான புரதம், தூக்கம், போட வேண்டிய தடுப்பூசி ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. முட்டையும் மீனும் பருப்பும் எந்த டப்பாவையும்விட விலை குறைவு.